கேட்டைச் சாத்திவிட்டுப் போன ஆள்

ஐரீன் க்ளெக் எங்கள் வாசலில் வந்து நின்றபோது அவருடைய ஒரு காலில் பூட்ஸ் இருந்தது. மற்றக் காலில் சேறுதான் இருந்தது. அந்த நிலையிலும் இரண்டு கால்களையும் கால்மிதியில் துடைத்தார்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும். ரெண்டு பேருக்கு அறை சொல்லியிருந்தோம். இப்போதைக்கு நான் ஒருத்திதான் வந்திருக்கேன். என் வீட்டுக்காரர மலை மேல தொலைச்சுட்டேன்."

பேருந்தில் குடையை மறந்து வைத்துவிட்டு வந்தவரின் குரல் அது. கைகள்தான் ஈரக் கையுறைகளை மாற்றி மாற்றிப் பிழிந்துகொண்டிருந்தன.

அக்டோபர் மாதம். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மேலே மலை இருந்த இடத்தில் மூடுபனி மட்டும் இருந்தது.

பென்னைன் வழி என்கிற நெடுந்தூர நடைபாதை, இங்கிலாந்தின் வடக்கே, எங்கள் யார்க்ஷயர் கிராமத்தின் நடுவே போகிறது. தெற்கே ஆரம்பித்து, மேட்டுச் சதுப்புகள் வழியாக நாட்டின் முதுகெலும்பு மேலேயே ஏறி, ஸ்காட்லாந்து எல்லைக்கு அந்தப் பக்கம் முடிகிறது. வீட்டில் மழை ஒழுகினால் நகரசபைக்குப் புகார் எழுதும் ஜனங்கள் இங்கே காசு செலவழித்து வந்து வாரக்கணக்கில் நனைகிறார்கள். மனிதர்களிடமிருந்து தப்பிக்க நடக்கிறார்கள்; எதிரே வரும் ஒவ்வொரு மனிதருக்கும் வணக்கம் சொல்கிறார்கள். அவர்களுக்குப் படுக்கையும் காலைச் சாப்பாடும் கொடுத்துத்தான் நானும் என் மனைவி எல்சியும் அப்போது பிழைத்துக்கொண்டிருந்தோம்.

ஐரீனுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். ராச்டேலில் ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறி ஓய்வு பெற்றவர். வேகவைத்த முட்டைக்கோஸைத் தட்டில் மிச்சம் வைத்த ஒரு பிள்ளையும் அவரைத் தாண்டி வெளியே போனதில்லை என்று பிற்பாடு பெருமையாகச் சொன்னார். முட்டைக்கோஸ் அவருக்கே பிடிக்காது என்பதையும் அதே மூச்சில் சொன்னார்.

கணவர் ஆர்னல்ட் வீடு வீடாகப் போய் கேஸ் மீட்டர் பார்த்தவர். அப்படி ஒருநாள் ஐரீனின் அப்பா வீட்டுக்கும் வந்தார். மீட்டரைப் பார்த்துவிட்டு வெளியே போனவர், தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். கேட்டின் கொக்கி சரியாக விழவில்லையோ என்று சந்தேகமாம். சாத்தி, ஆட்டிப் பார்த்து, ஜன்னலில் நின்ற பெண்ணுக்குத் தொப்பியைத் தூக்கிவிட்டுப் போனார். "எங்க தெருவுல எவனும் கேட்டச் சாத்த மாட்டான். நாய்தான் சாத்தும்" என்றார் ஐரீன். அடுத்த வசந்தத்தில் கல்யாணம்.

ஓய்வு பெற்றபின் ஆர்னல்ட் தொப்பியைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். மீட்டர் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார். பக்கத்து வீட்டம்மாள் உள்ளே விட்டார், தேநீரும் கொடுத்தார். மறுநாளும் போனார். மூன்றாம் நாள் அந்த அம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் ரொம்பக் கண்ணும் கருத்துமா இருக்கார்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இது எங்கள் ஊர்ப் பக்கத்து இரக்கம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு எதையும் பார்க்காத மாதிரி இருப்பது.

மகள் ஜில்லியன்தான் வாயைத் திறந்தாள். "அம்மா, அப்பாவ நல்ல முதியோர் இல்லமாப் பாத்துச் சேத்துரலாம். உன்னால முடியாது."

"அவருக்கு அசதி, அவ்வளவுதான்" என்றார் ஐரீன்.

அசதி என்று டாக்டரிடமும் சொன்னார். கடைக்காரரிடமும் பாதிரியாரிடமும் அதையே சொன்னார். அசதியான மனிதரைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் பென்னைன் வழியில் நடக்கக் கிளம்பிவிட்டார். இளமையிலிருந்து இருவரும் ஒத்திப்போட்டு வந்த நடை. பேரன் பெயரை மறந்த ஆர்னல்ட் இந்த நடையை மறக்கவில்லை. காலையில் எழுந்தால், "பென்னைன் எப்போ போறோம், புள்ள?" வேறெதுவும் நினைவில் தங்காத தலையில் இது ஒன்று தங்கியிருந்ததால், அதைக் கொடுத்துவிட வேண்டும் என்று ஐரீன் முடிவு செய்தார். ஜில்லியனுக்குக் கடற்கரைக்குப் போவதாகத் தகவல்.

எல்சி பிற்பாடு ஒருமுறை கேட்டாள், அவர் சட்டைப்பையில் பெயர் விலாசம் எழுதிய சீட்டு ஒன்று வைத்திருக்கக் கூடாதா என்று. "அவர் என்ன பார்சலா?" என்றார் ஐரீன்.

பாதி வழி வரை நன்றாகவே வந்திருக்கிறார்கள். ஆர்னல்டின் கால்கள் எதையும் மறக்கவில்லை. அன்று மதியம் எங்கள் கிராமத்துக்குத் தெற்கே, சதுப்பு ஆரம்பிக்கும் இடத்தில் இருக்கும் கேட்டுக்கு வந்தார்கள். அங்கிருந்து பென்னைன் வழி மேலே ஏறுகிறது. இன்னொரு பாதை கீழே பேருந்துச் சாலைக்கு இறங்குகிறது. ஐரீனுக்கு ஒதுங்க வேண்டியிருந்தது.

"இங்கயே நில்லுங்க. கேட்ட விட்டு நகரக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் கற்சுவருக்குப் பின்னால் போனார்.

அப்போதுதான் மேலேயிருந்து ஒரு கூட்டம் இறங்கி வந்தது. ஒரு தேவாலயத்து நடைக்குழு. எல்லோரும் வயதானவர்கள், எல்லோரும் பேச்சு. ஐரீனால் எழுந்திருக்க முடியவில்லை. எப்படி எழுந்திருப்பது? உடையோடு மானத்தையும் பிடித்துக்கொண்டு இன்னும் தாழக் குனிந்தார். பூட்ஸ் சத்தம், "நன்றி", "ரொம்ப நன்றி", "இன்னைக்கு மழை விட்டுச்சே" என்று ஒவ்வொருவராகப் போனார்கள். அத்தனை நன்றியும் யாருக்கு என்று அவருக்குத் தெரிந்தது. கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு. சுவருக்குப் பின்னால் குந்தியபடி கொஞ்சம் சந்தோஷப்பட்டதாகக்கூடச் சொன்னார்.

சத்தம் அடங்கியபின் வெளியே வந்தார். கேட் சாத்தியிருந்தது. கொக்கி விழுந்திருந்தது. ஆர்னல்ட் இல்லை.

வேறு எந்த நாட்டுக்காரியும் வேறு மாதிரி யோசித்திருப்பார். ஐரீன், சாத்திய கேட்டைப் பார்த்து, ஆர்னல்ட் அந்தப் பக்கம் போய்ச் சாத்தியிருக்கிறார், ஆகவே மேலே போயிருக்கிறார் என்று தீர்மானித்தார். நாற்பது வருடத்தில் அவர் தாண்டாத கேட்டைச் சாத்தியதில்லை, தாண்டிய கேட்டைச் சாத்தாமல் விட்டதில்லை. ஐரீனும் தாண்டினார், சாத்தினார், ஏறினார்.

மேலே மூடுபனி இறங்கியிருந்தது. கொஞ்ச தூரத்தில் நாயோடு ஒருவர் வந்தார்.

"எப்படியிருக்கீங்க? எல்லாம் நல்லபடியா?"

"எல்லாம் நல்லபடியா. நீங்க?"

"கொஞ்சம் ஈரம்."

"ஆமா, கொஞ்சம் ஈரந்தான்."

அவர் போய்விட்டார். ஐரீன் அந்த இடத்திலேயே நின்று, தான் என்ன சொன்னோம் என்று யோசித்தாராம். ஓடிப்போய்ச் சொல்லலாம். ஆனால் 'எல்லாம் நல்லபடியா' என்று சொன்ன வாயால் அரை நிமிடத்தில் வேறு சொன்னால் அந்த மனிதர் என்ன நினைப்பார்? இன்னொன்றும் இருந்தது. சொன்னால் போலீஸ் வரும். போலீஸ் ஜில்லியனைக் கூப்பிடும். ஜில்லியன் இல்லத்தைக் கூப்பிடுவாள்.

அடுத்து, பெரிய பை சுமந்த இரண்டு பெண்கள். இந்தத் தடவை கேட்டார். "நீலக் கோட்டு போட்ட ஒருத்தரப் பாத்தீங்களா? அவசரம் ஒண்ணுமில்ல."

"இல்லம்மா. சாக்லேட் வேணுமா?"

வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்றால் மனசு நோகுமே.

ஆள் நடமாட்டம் நின்ற பிறகுதான் கூப்பிட்டுப் பார்த்தார். முதலில் "ஆர்னல்ட்" என்று நூலகத்தில் கூப்பிடுகிற சத்தத்தில். அப்புறம் கொஞ்சம் உரக்க. அப்புறம் பாதையை விட்டிறங்கி, முழங்கால் வரை கருஞ்சேற்றில், தொண்டை கிழிய. பனிக்குள் ஏதோ அசைந்ததும் ஓடினார், ஆடு. இன்னொரு பக்கம் நீலமாகத் தெரிந்தது, தீவனப் பை. சேறு ஒரு பூட்ஸை உறிஞ்சிக்கொண்டது. கையை விட்டுத் துழாவினார், கிடைக்கவில்லை. அந்தச் சேற்றுக்குள் தன் கை எதைத் தேடுகிறது என்று ஒரு கணம் தோன்றியதும் அப்படியே உட்கார்ந்து வாந்தி எடுத்தாராம். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

மலை மீட்புக் குழுவின் தலைவர் எங்கள் ஊர்க் குழாய்க்காரர் காலின். நான் போன் செய்ததும், யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறையைப் பாதியில் விட்டுவிட்டு எங்கள் சமையலறைக்கு வந்தார். குழுவில் ஒரு பல் டாக்டர், இரண்டு விவசாயிகள், ஒரு பள்ளி ஆசிரியை. எல்லோரும் சம்பளமில்லாத ஆட்கள்.

"மலை பழக்கமா அவருக்கு?" என்று கேட்டார் காலின்.

"சின்ன வயசுலேர்ந்து நடக்கறவரு."

"அப்ப கவலைப்படாதீங்கம்மா. அனுபவசாலிங்க பனி வந்தா மேப்பப் பாத்து ஆத்தங்கரையப் பிடிச்சு இறங்கிருவாங்க. நாங்க ஆத்துப் பக்கமாவே தேடறோம். சந்தோஷமா வீடு வந்து சேருவாரு."

ஐரீன் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலின் எழுந்து கதவு வரை போய்விட்டார்.

"அவருக்கு மேப் பாக்கத் தெரியாது" என்றார் ஐரீன்.

காலின் திரும்பினார்.

"இன்னைக்கு என்ன கெழமைன்னு தெரியாது. எந்த ஊருன்னு தெரியாது. சாப்டாச்சான்னு தெரியாது. மூணு வருஷமா இப்படித்தான். இன்னைக்குக் காலைல ஷூ லேஸ் கட்டிவிட்டேன், ரொம்ப நன்றிங்க மேடம்னாரு. என்னய." குரல் உயர்ந்தது. "ஆத்தங்கரைக்கெல்லாம் போக மாட்டாரு. யார் பின்னாடியும் போவாரு. அவ்வளவுதான். தயவுசெஞ்சு அவரக் கண்டுபிடிங்க. நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. அந்த நாய்க்காரர்கிட்டயாவது சொல்லியிருக்கலாம், சொல்லல!"

எல்சி அவர் தோளைப் பிடித்தாள். எங்கள் ஊரில் அது பெரிய காரியம்.

காலின் உட்கார்ந்தார். கேட்பதையெல்லாம் முதலிலிருந்து கேட்டார். கேட் சாத்தியிருந்ததா? சாத்தியிருந்தது. கூட்டம் எந்தப் பக்கம் போனது? கீழே. "யார் பின்னாடியும் போவாரா?" என்று திரும்பக் கேட்டுவிட்டு, ஆட்களை மலைக்கு அனுப்பினார், கையோடு போலீசுக்குப் போன் செய்து ஒரு நடைக்குழுவை விசாரிக்கச் சொன்னார்.

பதில் வர ஒரு மணி நேரத்துக்கு மேலானது. அந்த நேரம் முழுதும் ஐரீன் எங்கள் சமையலறையிலிருந்த எல்லாப் பாத்திரங்களையும் கழுவினார், சுத்தமாக இருந்தவற்றையும் சேர்த்து. ஜன்னல் வழியே மலையில் விளக்குகள் பரவலாக நகர்வது தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் முதுகைக் காட்டியே நின்றார்.

நடந்தது இதுதான். கூட்டத்தின் கடைசி ஆள் ஒரு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. கடைசியாக வருபவர்தான் கேட்டைச் சாத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆர்னல்டின் கையிலிருந்து கேட்டை வாங்கிச் சாத்திவிட்டு, "நீங்க முன்னால போங்க" என்று கையைக் காட்டினார். அப்படிச் சொன்னபின் போகாமலிருப்பது அநாகரிகம். ஆர்னல்ட் போனார்.

பேருந்தில் ஏறும்போது ஒரு தலை அதிகமாக இருந்தது. குழுத் தலைவி ஹில்டா உட்ஹெட் இரண்டு முறை எண்ணினார். 'யார் நீங்க?' என்று ஒருவரைக் கேட்பதைவிடத் தனக்கு எண்ணத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வது அவருக்குச் சுலபமாக இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் ஆர்னல்டுக்கு சாண்ட்விச் கொடுத்தார். ஸ்கிப்டனில் அவர்களுடைய தேவாலயக் கூடத்தில் தேநீர் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போனபின், ஒருவர் மட்டும் நாற்காலிகளை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் ஹில்டாவுக்கு அவர் யாரென்று கேட்டுவிட்டுப் போலீசுக்குப் போன் செய்வதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று.

என் காரில் ஐரீனைக் கூட்டிப்போனேன். எல்சியின் செருப்பு அவர் காலில். கூடத்துக்குள் நுழைந்ததும் ஆர்னல்ட் எழுந்து நின்றார்.

"எங்க போயிட்ட புள்ள? உன்ன எங்கெல்லாம் தேடறது?"

ஐரீன் ஈரக் கையுறையால் அவர் மார்பில் ஓங்கி அடித்தார். திரும்பவும் அடித்தார். பிறகு அந்த நீலக் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மனிதர்கள் இருக்கும் இடத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் அழாத விதத்தில் அழுதார். ஹில்டா உட்ஹெட் சுவரிலிருந்த அறிவிப்புப் பலகையைக் கவனமாகப் படித்தார்.

மறுநாள் காலை ஐரீன் எங்கள் போனிலிருந்து ஜில்லியனைக் கூப்பிட்டார். கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. கடற்கரை இல்லை என்றார். அசதி இல்லை என்றார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். ஜில்லியன் மதியம் காரோடு வருவதாக ஏற்பாடு.

வெளியே வந்து என்னிடம் ஒரு உதவி கேட்டார். இந்த வழி முடிகிற ஸ்காட்லாந்துக் கிராமத்தில் ஒரு மதுக்கடை உண்டு. முழுவதும் நடந்து முடித்தவருக்கு அங்கே அரைக் கோப்பை பீர் சும்மா கொடுப்பார்கள். ஆர்னல்ட் அதைப் பற்றி எத்தனையோ வருடமாகப் பேசியிருக்கிறார். எங்கள் ஊர் மதுக்கடைக்காரர் ஒரு நாள் ஸ்காட்லாந்துக்காரராக இருப்பாரா?

இருந்தார். கவுண்ட்டரில் இரண்டு அரைக் கோப்பைகளை வைத்து, "பென்னைன் முடிச்சுட்டீங்க ஐயா, வாழ்த்துக்கள்" என்றார். அவர் வரவழைத்த ஸ்காட்லாந்து உச்சரிப்பு படுமோசம். அங்கிருந்த காலினும் இரண்டு விவசாயிகளும் கைதட்டினார்கள். முந்தின இரவு மலையில் அலைந்த களைப்பு அவர்கள் கண்களில் இருந்தது.

ஆர்னல்ட் ஜன்னல் வழியே பார்த்தார். "ஸ்காட்லாந்து அப்படியே யார்க்ஷயர் மாதிரி இருக்கு."

"அப்படித்தாங்க இருக்கும்" என்றார் ஐரீன்.

"முழுசும் நடந்துட்டமா?"

"முழுசும்."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேருந்தான்."

ஆர்னல்டின் முகத்தில் வந்த சிரிப்பைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. பீரைக் குடித்து முடித்தார். நுரையைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, பூட்ஸ் முடிச்சு சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.

"சரி புள்ள, நாளைக்கு எங்க நடக்கறோம்?"

வெளியே ஜில்லியனின் கார் வந்து நின்றது. ஐரீன் தன் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.