மைக்கை அணைத்த விரல்

சுதனைச் சந்திக்கும்வரை நான் காதலையும் புதுச் சப்பாத்துகளையும் பற்றித்தான் ராப் எழுதினேன். சுவிஸ் நகரமான லா ஷோ-து-ஃபோனில் ஒரு பங்க் இசைக்குழுவில் கிட்டார் வாசித்தவன் அவன். என் வகுப்புத் தோழன். "வடிவாப் பாட வேண்டாம். உனக்கு எது கோவமோ அதைக் கத்து," என்பான். பங்க் குழுக்களைப் போல, பாட்டு வரிகளை நகலெடுத்துக் கூட்டத்துக்குக் கொடுக்கப் பழக்கியதும் அவன்தான்.

ஊர் மண்டபத்தில் நான் பாடிய ஒரு கச்சேரியில் ஒலியைக் கவனித்தது சுதன். என் அம்மாவைப் பதினைந்து வருடம் தற்காலிக வேலையிலேயே வைத்திருந்த கடிகாரத் தொழிற்சாலையைப் பற்றிய வரிகள் வந்ததும், என் மைக் நின்றுவிட்டது. ஏதோ பழுது என்று நிமிர்ந்து பார்த்தேன். மைக்கை அணைக்கும் பொத்தானில் சுதனின் விரல் இருந்தது.

ஒரு பெண், நாங்கள் கொடுத்திருந்த பாட்டுத் தாளைப் பார்த்து அந்த வரியை உரக்க வாசித்தாள். பிறகு மண்டபமே வாசித்தது.

மேடையிலிருந்து இறங்கிப்போய், "ஏன்டா?" என்று கேட்டேன்.

"அந்தத் தொழிற்சாலை முதலாளி முன்வரிசையில இருக்கிறார். திங்கள் நான் அங்க வேலைக்குச் சேரப்போறன்," என்றான்.

அன்று நான் வென்றதாகவே எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அந்தத் தாள்களை முந்திய நாள் என்னோடு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக மடித்துத் தந்ததும் அதே விரல்கள்தான்.