பதினொன்றேகால் அழைப்பு

அக்காவுக்கு எங்கள் அலுவலகத்தில் 'காது' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அது அவர் காதில் விழாமல் இருந்திருக்கும் என்று நம்புகிறவன் வடிகட்டிய முட்டாள். இருபத்திரண்டு வருஷம் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்துவிட்டு எங்கள் தொலைக்காட்சி நிலையத்துக்கு வந்தவர். எதிர்முனையில் பேசுகிறவர் நிற்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா, பக்கத்தில் வேறு ஆள் இருக்கிறாரா என்று மூச்சை வைத்தே சொல்லிவிடுவார். சும்மா அளக்கிறார் என்று நினைத்து இரண்டு தடவை பந்தயம் கட்டி மூக்குடைபட்டவன் நான்.

அவர் வேலை நேயர் தொலைபேசி. மாலை ஏழரை மணித் தொடரைப் பார்த்தவர்கள் மறுநாள் பத்திலிருந்து நாலு வரை கூப்பிட்டுக் கருத்துச் சொல்லலாம். அக்கா கேட்டு நீளக் கணக்கு நோட்டில் எழுதிக்கொள்வார். அடுத்த மேசை என்னுடையது. இணையத்தில் கொட்டிக் கிடக்கும் கருத்துகளை வாருவது என் பிழைப்பு. வாரக் கடைசியில் இரண்டையும் சேர்த்து அறிக்கையாகத் தட்டச்சு செய்து கதை எழுதுகிறவர்களுக்கு அனுப்ப வேண்டும். எங்கள் அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தெரியும்.

தொடரின் கதை நடப்பது ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய ஒரு குடியிருப்பில். எல்லாம் ஒரே அச்சு வீடுகள். மூன்றாம் வீட்டுக்காரிதான் கதாநாயகி. அவள் புருஷன் அவளை அடிப்பதில்லை, திட்டுவதும் இல்லை. கடைக்குப் போய்வர எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று கடிகாரம் பார்ப்பான், அவ்வளவுதான். அவனை விட்டுக் கிளம்ப அவள் துடிக்கிறாள். போவாளா மாட்டாளா என்று ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தது.

அக்கா மட்டும் பார்த்ததில்லை. அவர் வீட்டில் டிவியே கிடையாது. "பகல் பூரா கேக்கறேன், ராத்திரி உக்காந்து வேற பார்க்கணுமா?" என்பார். கதாநாயகி கறுப்பா சிவப்பா என்றுகூட அவருக்குத் தெரியாது. முழுக் கதையும் காது வழியாகப் போனதுதான். மூன்றாம் வீட்டுத் திரைச்சீலை நேற்று நீலம், இன்று எப்படிப் பச்சை என்று ஒரு ஓய்வுபெற்ற கணக்கர் வாரம் தவறாமல் சண்டைக்கு வருவார். அவரிடம் அக்கா, "துவைச்சதுல சாயம் போயிருக்கும் சார்" என்று முகம் மாறாமல் சொல்வார். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும்.

இவர்களுக்கு நடுவில் தினமும் பதினொன்றேகாலுக்கு ஒருத்தி கூப்பிடுவாள். பெயர் சொல்லமாட்டாள், நாங்களும் கேட்கக் கூடாது. பின்னால் வாஷிங் மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். தினமும் துவைக்க அப்படி என்ன அழுக்கு என்று நான் கிண்டலடித்தேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பேசுறது பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாதுன்னு ஓட விடுறா. வெறும் மெஷின். உள்ளே துணி இருந்தா சத்தம் வேற மாதிரி இருக்கும்."

அவள் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாம் மூன்றாம் வீட்டுக்காரியைப் பற்றித்தான். அவள் இப்படிச் செய்யக் கூடாது அக்கா, அவனுக்குத் தெரிந்துவிடும் அக்கா என்பாள். ஒரு நாள் சொன்னாள்: "சர்ட்டிபிகேட், பாஸ்போர்ட் எல்லாத்தையும் போய் அலமாரியில வைக்கிறாளே, அவளுக்கு மூளை இருக்கா? அங்கதானே முதல்ல தேடுவான். இஸ்திரி போடுற பலகை இருக்குல்ல, அந்த உறையோட நாடாவை அவிழ்த்து, பஞ்சுக்கு அடியில பரப்பி வைக்கச் சொல்லுங்க. மேலேயே அவன் சட்டைக்கு இஸ்திரி போடலாம். எந்த ஆம்பளை அக்கா அந்தப் பலகையைத் தொடுவான்? நான் அஞ்சு மாசமா..."

அதோடு நிறுத்திவிட்டாள். மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா ஒன்றும் கேட்காத மாதிரி, "சொல்றேன்மா, நல்ல யோசனை" என்று வைத்துவிட்டார். நோட்டில் எழுதியதன்மேல் இரண்டு கோடு போட்டு அடித்தார். என்னிடம் திரும்பி, "தம்பி, இதை அறிக்கையில போடாதே" என்றார்.

சரி என்றேன். போட்டேன்.

இதற்குச் சமாதானம் சொல்லப் போவதில்லை. இரண்டு மாதமாக என் அறிக்கையை யாரும் மதிக்கவில்லை, வெறும் குப்பை என்று கூட்டத்தில் சொல்லிக்காட்டியிருந்தார்கள். இந்த ஒரு வரி தங்கம் என்று எனக்குத் தெரிந்தது. முதல் வரியாகவே போட்டேன். கதைக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்து என் முதுகில் தட்டினார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். நினைத்தால் இப்போதும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நாலு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, வீட்டுக்குக் கிளம்பும்போது நடைக்கூடத்து டிவியில் மறுநாள் எபிசோடின் முன்னோட்டம் ஓடியது. மூன்றாம் வீட்டுப் புருஷனின் கை இஸ்திரிப் பலகையின் அடியில் நாடாவைத் தேடுகிறது. அதோடு முடிந்தது. அறைக்குத் திரும்பிப் போய், பையை மாட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் சொன்னேன்.

"போட்டியா?" என்றார்.

"போட்டேன் அக்கா."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். "அவ புருஷனும் கூடவே உக்காந்துதான் பார்ப்பான். அவளை ஒரு நாளும் தனியா பார்க்க விட்டதில்லன்னு அவ பேச்சுலயே தெரியும்" என்றார்.

உடனே கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று நான் குதித்தேன். எண் இருந்தது. அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார். நேயரை நாமாகத் திருப்பிக் கூப்பிடக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். "யார் எடுப்பாங்கன்னு உனக்குத் தெரியுமா? காலையில அவளே கூப்பிடுவா. அப்போ சொல்லிடறேன், எடுத்து வேற இடத்துல வைக்கச் சொல்றேன்."

மறுநாள் வியாழக்கிழமை, பதினொன்றேகால் ஆயிற்று, பதினொன்றரை ஆயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று. கூப்பிடவில்லை. அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. திரைச்சீலைக் கணக்கர் கூப்பிட்டபோது மட்டும், "லைனை விடுங்க சார்!" என்று கத்தினார். அவர் கத்தி அதுவரை நான் கேட்டதில்லை. ஏழரைக்கு எபிசோட் வந்தது. மூன்றாம் வீட்டான் உறையை உருவிக் கிழித்தான், காகிதங்கள் தரையில் கொட்டின, கத்தினான், அவள் சுவரோரம் ஒண்டினாள். அதோடு தொடரும் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை என் திரையில் கருத்துகள் மலையாகக் குவிந்திருந்தன. தொடர் ஆரம்பித்ததிலிருந்து இத்தனை வந்ததில்லை. சூப்பர் திருப்பம், உடம்பு சிலிர்த்துவிட்டது என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஆண்கள். 'எங்க வீட்டுப் பலகையையும் பிரிச்சுப் பார்த்தேன் மக்களே, பஞ்சுதான் இருக்கு.' 'நான் பார்த்தேன், பொண்டாட்டி முறைக்கிறா.' 'எல்லாரும் போய் ஒரு தடவை செக் பண்ணிடுங்கப்பா.' இதற்குக் கீழே சிரிக்கிற பொம்மைகள், வரிசை வரிசையாக. விளையாட்டுக்குத்தான் எழுதுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரே ராத்திரியில் எத்தனை வீட்டில் எத்தனை பேர் எழுந்துபோய் அந்தப் பலகையைக் கவிழ்த்திருக்கிறார்கள் என்று எண்ண ஆரம்பித்தேன். இருநூறு வரை எண்ணினேன். அப்புறம் எண்ணவில்லை.

பதினொன்றேகாலுக்கு மணி அடித்தது. அக்கா என்னைப் பக்கத்தில் அழைத்து ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினார். மெஷின் சத்தம் இல்லை.

"வணக்கம் மேடம்" என்றது ஓர் ஆண் குரல். நல்ல, படித்த குரல். "நேத்து டிவியில உங்க நம்பர் வந்துச்சு. பார்த்தா என் மனைவி போன்ல ஏற்கெனவே இருக்கு. தினமும் பதினொண்ணேகாலுக்கு. கூப்பிட்டுப் பேசற அளவுக்கு ரசிகைன்னு எனக்குச் சொல்லவே இல்ல பாருங்க. இன்னைக்கு லீவு போட்டுட்டு ரெண்டு பேருமா கூப்பிடறோம். கருத்து சொல்லலாமா?"

"சொல்லுங்க சார்."

"எபிசோட் பிரமாதம். ஒரே ஒரு குறை. அவன் எதுக்கு அந்த உறையைக் கிழிச்சான்? எதுக்குக் கத்தினான்? நானா இருந்தா நாடாவை மெதுவா அவிழ்த்துப் பார்த்துட்டு, அவ எப்படி முடிச்சு போட்டிருந்தாளோ அதே மாதிரி போட்டு வெச்சிருப்பேன். அப்புறம் தினமும் எதிர்ல உக்காந்து அவ இஸ்திரி போடுறதைப் பார்த்துட்டிருப்பேன். அவ எப்போ எடுக்கிறாள்னு பார்க்கலாமே. எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிக்கிட்டேன்" என்றார் அக்கா. பேனா மேசையில்தான் கிடந்தது.

"நீயும் சொல்லும்மா. மேடம் காத்துட்டிருக்காங்கல்ல."

பிறகு அவள் குரல்: "அவர் சொல்றதுதான் சரி, அக்கா."

"அக்காவா?" என்று சிரித்தான் அவன். "ரொம்ப நாள் பழக்கம் போல."

அக்காவின் முகம் சிவந்ததை அன்றுதான் பார்த்தேன். மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். "ஆமா சார், ரொம்ப நாள் பழக்கம். உங்க நம்பர் என்கிட்ட இருக்கு. நீங்க இப்போ சொன்னது பூரா இங்க பதிவாயிருக்கு. நாளைக்குப் பதினொண்ணேகாலுக்கு இவங்க குரல் எனக்குக் கேக்கணும். நாளன்னைக்கும் கேக்கணும். ஒரு நாள் கேக்கலைன்னா அடுத்த நிமிஷம் உங்க வீட்டு வாசல்ல போலீஸ் நிக்கும்."

எங்கள் இயந்திரத்தில் எதுவும் பதிவாவதில்லை. பதிவுக்கருவி பழுதாகி மூன்று வருஷம். ஆனால் அவன் சிரிப்பு நின்றது. "தாராளமா மேடம். தினமும் பேச வைக்கிறேன்" என்று வைத்துவிட்டான்.

அன்றே போலீசிடமும் போனோம். எண்ணை வைத்து வீட்டைக் கண்டுபிடித்து இரண்டு பேர் போய்ப் பார்த்தார்கள். அவளே கதவைத் திறந்து, சீரியலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், வேறு ஒன்றுமில்லை என்று சொன்னாளாம். பின்னால் அவன் புன்னகையோடு நின்றானாம். "சீரியல் பார்த்துட்டுக் கருத்து சொல்றது குத்தமாம்மா?" என்று அந்த அதிகாரி அக்காவைக் கேட்டார்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. தினமும் பதினொன்றேகாலுக்கு மணி அடிக்கிறது. "நேத்து எபிசோட் நல்லா இருந்துச்சு அக்கா. நான் நல்லா இருக்கேன். வெச்சுடட்டுமா?" இந்த மூன்று வாக்கியம்தான், ஒன்று கூடாது, ஒன்று குறையாது. அக்கா ஞாயிற்றுக்கிழமையும் வருகிறார். காய்ச்சலோடு வந்தார். சொந்தத் தம்பி மகள் கல்யாணத்தன்று மண்டபத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்து அழைப்பை எடுத்துவிட்டுத் திரும்பிப் போனார். சீரியல் பைத்தியம் என்று கீழே பேசிக்கொள்கிறார்கள். பேசுகிறவர்களை அறைய வேண்டும் போலிருக்கும். அறையப்பட வேண்டியவன் நான் என்பதால் பேசாமல் இருந்துவிடுவேன்.

போன வாரம் தொடரை முடிக்கப் போவதாக அறிவித்தார்கள். அடுத்து வருவது ஏதோ விளையாட்டு நிகழ்ச்சி, அதற்கு நேயர் தொலைபேசி கிடையாது. அக்கா மேலாளர் அறையில் முக்கால் மணி நேரம் மன்றாடினார். "ஒரே ஒரு லைன் சார், என் சம்பளத்துல பிடிச்சுக்கோங்க" என்றாராம். சொந்த எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம் என்றேன். "நிலையத்து நம்பர்னாதான் அவனுக்குப் பயம். என் நம்பர்னா நான் யாரு அவனுக்கு?" என்றார்.

இன்று மணி அடித்தபோது பேசியது அவன்.

"சீரியல் முடியுதாமே மேடம், பேப்பர்ல பார்த்தேன். பாவம், உங்களுக்கும் ஓய்வு வேணும்ல. இன்னும் பதினாறே எபிசோட். நாங்க ரெண்டு பேரும் எண்ணிக்கிட்டிருக்கோம்."

பிறகு அவளிடம் கொடுத்தான். நேற்று எபிசோட் நன்றாக இருந்தது என்றாள்.