மூச்சுக் காட்டாத பிள்ளை

1969, ஐப்பசி மாதம். சிட்லபாக்கத்தில் ஒரு ஓட்டுக் கட்டடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது. எண், எழுத்து, நல்ல பழக்கம் எல்லாமே கதையாகத்தான் சொல்வேன். குரலை மாற்றி மாற்றி நான் ஆரம்பித்தால், வாண்டுகள் வாயில் ஈ போவது தெரியாமல் உட்கார்ந்திருக்கும். அந்தத் தலைக்கனம் எனக்குக் கொஞ்சநஞ்சமில்லை.

யார் வாசலில் நின்று கூப்பிட்டாலும் பாதி வகுப்பு எழுந்து ஓடிவிடும். அதை நிறுத்த ஒரு பிள்ளை பிடிக்கிறவன் கதையைக் கட்டினேன். அவன் அம்மா குரலிலேயே பேர் சொல்லிக் கூப்பிடுவான். பதில் சொன்ன பிள்ளை சாக்குக்குள் போய்விடும்; மூச்சுக் காட்டாத பிள்ளை தப்பித்துவிடும். அதன் பிறகு வகுப்பு கப்சிப். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு சாயங்காலம் நல்ல மழை. என் வகுப்பில் படித்த ஐந்து வயதுப் பெண்ணின் அம்மா, கல் உடைக்கப் போகிறவர், தொப்பலாக நனைந்து ஓடிவந்தார்.

"டீச்சர், எம் பொண்ணு இன்னும் வூட்டுக்கு வர்ல. எல்லாரும் கத்திகினு தேடறோம், ஒரு சத்தமும் இல்ல."

நான் கட்டிய பிள்ளை பிடிக்கிறவன் கதை ஞாபகம் வந்தது. "பேர் சொல்லியா கூப்பிட்டீங்க?" என்றேன்.

"பின்ன எப்டி கூப்புடறது?" என்று அழுதார்.

ஏரிக்கரையை ஒட்டி மண் வெட்டி எடுத்த பள்ளங்கள் நிறைய உண்டு. அந்தப் பக்கம் ஓடினேன். பேர் சொல்லிக் கூப்பிடாமல், "ஒரு ஊர்ல ஒரு நரி இருந்துச்சாம்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கூட வந்தவர்கள் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தார்கள். ஆனால் கதை சொன்னால் நம் பிள்ளைகள் 'ஊம்' கொட்டும். அது அவர்களை மீறி வரும். "அதுக்கு ரொம்பப் பசியாம்" என்றபோது மூன்றாவது பள்ளத்திலிருந்து ஈனஸ்வரத்தில் ஒரு 'ஊம்' கேட்டது.

சறுக்கி விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. உட்கார்ந்த வாக்கில் கழுத்தளவு தண்ணீரில் இருந்தாள். தூக்கியபோதும் அழவில்லை. வாயைக் கையால் இறுகப் பொத்திக்கொண்டிருந்தாள்.

உயிர் பிழைத்தாள். கால் மட்டும் கோணலாகத்தான் ஒட்டியது. ஆஸ்பத்திரியில் அவள் அம்மா என்னைக் கிழித்துப் போடுவார் என்று பயந்துகொண்டே போனேன். ஏசியிருந்தால்கூடத் தேவலை.

"நாலு தபா அந்தாண்ட போனோம் டீச்சர். எங்குரலு நல்லா கேட்டுச்சாம். நீங்க சொன்னீங்கன்னு கம்முனு இருந்துகீறா. சொல்பேச்சு கேக்கற பொண்ணு" என்று பெருமையாகச் சொன்னார்.

என்னால் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதன் பிறகும் முப்பது வருடம் கதை சொல்லித்தான் பாடம் நடத்தினேன், பயமுறுத்தி ஒரு கதைகூடச் சொன்னதில்லை. ஆனாலும் தன்னைத் தேடி மழையில் அலறிய அம்மாவின் குரலுக்கே ஒரு குழந்தையை நடுங்க வைத்தவள் நான் என்பதை, இந்த வயதிலும் என்னால் மன்னிக்க முடியவில்லை.