நான்கு நொடியும் அழித்துவிட்ட மிச்சமும்

பினாங்குக்கு ஒலி பதிவு செய்யப் போகிறவர்களுக்கு உதவுமே என்று இதை எழுதுகிறேன். எழுத வெட்கப்பட்டு இரண்டு மாதம் தள்ளிப்போட்டுவிட்டேன். நான் கிள்ளானில் இருக்கும் டிஜே. ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஜார்ஜ்டவுன் வெல்ட் கீ கடலோரச் சாலைப் பக்கம், ஒரு பழைய கிடங்கின் மொட்டைமாடியில் எனக்கு நிகழ்ச்சி இருந்தது. போனதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம் கடலுக்கு இந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முந்தைய தைப்பூசத்தில், உறுமி மேளத்தைப் பதிவு செய்வதற்காகப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோவில் படியில் ரெகார்டரும் கையுமாக நின்றேன். பால்குடம் தூக்கிக்கொண்டு ஏறிய ஓர் அம்மா, மேளத்தையும் மீறி, “கண்ணத் தொற, கண்ணத் தொறப்பா” என்று அழுதுகொண்டே போனார். யாரைக் கேட்கிறார், எதற்குக் கேட்கிறார் என்று நான் யோசிக்கவில்லை. என் தாளத்தில் அந்தக் குரல் உட்காருமா என்று மட்டும் யோசித்தேன். ஏழு நிமிடப் பதிவிலிருந்து நான்கு நொடியை வெட்டி, நிமிடத்துக்கு நூற்று இருபத்துநான்கு அடி போகும் தாளத்தின் மேல் சுற்றவிட்டேன். என் பெயரை நாலு பேருக்குத் தெரியவைத்தது அந்தப் பாட்டுதான்.

அதற்குப் பிறகு என் உடையும் அந்தப் பாட்டாகவே ஆகிவிட்டது. கறுப்புக் காற்சட்டை, ஒரு காதில் மட்டும் தோள் தொடும் வெள்ளித் தோடு, முதுகில் ஆரஞ்சு நூலால் ‘கண்ணத் தொற’ என்று தைத்த கறுப்பு ஜாக்கெட். கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினால் போதும், மொத்தப் பேரும் அந்த வார்த்தையைக் கத்துவார்கள். வேண்டியதை வெட்டி எடுத்ததும் மிச்சப் பதிவை அன்றைக்கே அழித்துவிடுவது என் வழக்கம். டிஸ்க் சுத்தமாக இருந்தால்தான் தலையும் சுத்தமாக இருக்கும் என்று புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களிடம் பெருமையடித்திருக்கிறேன்.

பிறகு ஒரு நாள் ஒரு செய்தி வந்தது. “தங்கச்சி, அது என் குரல். ஒரு தடவை பார்க்க முடியுமா?” அனுப்பியவர் சாந்தி அக்கா, பட்டர்வொர்த் பக்கம் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். பக்கத்து மெஷின் பிள்ளையின் ரிங்டோனில் தன் குரலைக் கேட்டிருக்கிறார். மூன்று வாரம் நான் பதில் போடவில்லை. நிகழ்ச்சிக்காரர்கள் ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்த பிறகுதான், போகிற வழிதானே என்று வருவதாகச் சொன்னேன்.

கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரலில் காலை ஏழேகால் ரயில். எழுபத்தொன்பது வெள்ளி (ரிங்கிட்), நாலேகால் மணி நேரம், பதினொன்றரைக்குப் பட்டர்வொர்த். உள்ளே ஐஸ் பெட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி குளிரும், எதையாவது போர்த்திக்கொள்ளக் கொண்டு போங்கள். நான் கொண்டு போயிருந்தது அந்த ஜாக்கெட் ஒன்றுதான்.

நிலையத்திலிருந்து மாக் மண்டின் ஆறு கிலோமீட்டர், கிராப் வாடகைக் காருக்குப் பதினொரு வெள்ளி. ஏறும்போதே ஓட்டுநர் அண்ணன் என் முதுகைப் படித்துவிட்டார்.

“இந்தப் பாட்டுன்னா எங்க வீட்டுச் சின்னதுக்கு உசுருலா. நீங்களும் கேப்பீங்களா?”

“இல்லண்ணே, பசார் மாலம்ல மலிவா கெடச்சிச்சு.”

என் சொந்தப் பாட்டையே இரவுச் சந்தையில் வாங்கிய சட்டையாக்கிவிட்டேன். காருக்குள்ளேயே ஜாக்கெட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டேன். உள்ளே போட்டிருந்தது கையில்லாத மேடைச் சட்டை. அதோடு சாந்தி அக்கா முன்னால் போய் உட்கார மனசு வரவில்லை. அண்ணன் கண்ணாடியில் பார்த்தார்.

தொழிற்சாலைக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. சனிக்கிழமை அரை நாள் வேலை முடித்து, நீலச் சீருடையோடு சாந்தி அக்கா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். எனக்கும் சேர்த்து மீ கோரெங் நூடுல்ஸும், தே ஓ ஐஸ் என்கிற பால் இல்லாத ஐஸ் டீயும் சொல்லிவைத்திருந்தார்.

“மொத சாப்புடு தங்கச்சி. காலையிலேயே கெளம்பியிருப்ப.”

தட்டைத் தள்ளி வைத்தேன். “பாட்ட எடுத்துறச் சொல்லத்தானேக்கா கூப்பிட்டீங்க?” என்றேன்.

“பாட்டு கெடக்குதுலா. அன்னிக்கு என் மகன் மோட்டார்ல அடிபட்டு ஆஸ்பத்திரியில கெடந்தான். கண்ணே தொறக்கல. நான் மலையேறுன ஒம்பதாம் நாளு போயிட்டான்.” தட்டை என் பக்கம் நகர்த்தினார். “மலையில என்னென்ன பேசுனேன்னு எனக்குத் தெரியல. ஆனா வீட்டுல கூப்புடுற பேரச் சொல்லி அவனக் கூப்பிட்டேன், அது ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரியில அவனக் கூப்புட எனக்கு வாயே வரல. அவன் உசுரோட இருக்கையில கடைசியா கூப்பிட்டது அதான். பாட்டுல பேரு இல்ல. மிச்சம் உங்கிட்ட இருக்கும்ல?”

“இருக்கும்க்கா. வீட்டுல பழைய டிஸ்க்ல தேடணும்.”

பொய். அதைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. எழுந்திருக்கும்போது, “ஜாக்கெட்ட திருப்பிப் போட்டிருக்க தங்கச்சி” என்றார், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குச் சொல்வது போல. ரயிலில் குளிர்ந்தது என்று ஏதோ உளறினேன்.

தீவுக்குப் போகும் ஃபெரிக்கு இரண்டு வெள்ளி, ரொக்கம் வாங்க மாட்டார்கள், கார்டு வைத்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரத்தில் ஜார்ஜ்டவுன் ஜெட்டி (படகுத்துறை), அங்கிருந்து கிடங்குக்கு நடந்தே ஐந்து நிமிடம். அந்தக் கால் மணி நேரமும், இன்று அந்தப் பாட்டைப் போடமாட்டேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டு வந்தேன்.

போட்டேன். ஏழு பத்துக்குக் கூட்டம் கேட்டது, திரும்பக் கேட்டது. வெயில் தாழ்ந்த நேரம், மேற்கே மலைகளுக்குப் பின்னால் வானம் சிவந்திருந்தது. கை தானாகப் பொத்தானுக்குப் போனது. முந்நூறு பேர் ஒரு தாயின் அழுகையைச் சிரித்துக்கொண்டே கத்தினார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பாட்டு முடியும்வரை நான் தலையைத் தூக்கவில்லை.

விடுதிக்குப் போய், தாளம் சேர்க்காத அந்த நான்கு நொடியை ஹெட்போனில் கேட்டேன். “கண்ணத் தொறப்பா.” அடுத்து ஒரு மூச்சு இழுக்கிறார். அங்கே நான் வெட்டியிருக்கிறேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஜெட்டியிலிருந்து பத்தாம் எண் பஸ் பிடித்துத் தண்ணீர்மலைக்குப் போனேன். ஐந்நூற்றுப் பதின்மூன்று படி, வெயிலுக்கு முன்னால் ஏறிவிடுங்கள். மேலே நின்று முருகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவரிடம் சொல்வது சுலபமாகத்தான் இருந்தது, திருப்பி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இறங்கி, மறுபடியும் ஃபெரி ஏறி, போனில் முகவரி கேட்டுக்கொண்டு, பதினொரு மணிக்கு சாந்தி அக்காவின் வீட்டுக் கதவைத் தட்டினேன். நாலாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை.

“மிச்சம் இல்லக்கா. அன்னிக்கே நான்தான் அழிச்சேன். நேத்து சொன்னது பொய். நேத்து சாயங்காலமும் அந்தப் பாட்டப் போட்டேன்.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, “இருக்கிறதப் போடு” என்றார்.

ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். நான்கு நொடி. மூச்சு வரும் இடத்தில் அவரும் மூச்சை இழுத்தார். நான் வெட்டிய இடத்தில், வாயைத் திறந்து, அந்த வெறும் கூடத்தைப் பார்த்துத் தன் மகனைக் கூப்பிட்டார்.

இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கணத்தில் என் கை, ரெகார்டர் இருந்த பையின் ஜிப்புக்குப் போனது. பாதி திறந்தும்விட்டேன். பிறகுதான் கையை எடுத்தேன். அவர் பார்த்தாரா, தெரியாது.

“இன்னொரு தடவ போடு தங்கச்சி.”

பதினொரு தடவை போட்டேன். பதினொரு தடவையும் கூப்பிட்டார். அந்தப் பெயர் எனக்குத் தெரியும், இங்கே எழுதமாட்டேன்.

பயணத்துக்கு மொத்தம் இரண்டு நாள், டிக்கெட் தவிர நூற்றுநாற்பது வெள்ளிக்குள் முடித்துவிடலாம். தைப்பூச நேரத்தில் போனால் ரயிலுக்கு இரண்டு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். மேளக்காரர்களிடம் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள், சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். அழுகிறவர் பக்கத்தில் இருந்தால் மைக்கை இறக்குங்கள். எதை வெட்டினாலும் முழுப் பதிவை அழிக்காதீர்கள், அதில் உங்களுக்குத் தேவைப்படாதது இன்னொருவருக்குத் தேவைப்படலாம்.

அந்தப் பாட்டை எல்லா இடத்திலிருந்தும் இறக்கிவிட்டேன். ஆனால் ஏற்கெனவே எடுத்து வைத்திருப்பவர்களிடமிருந்து பிடுங்க முடியாது. பக்கத்து மெஷின் பிள்ளைக்கு இன்னும் அதே ரிங்டோன்தான் என்று போன வாரம் அக்கா போனில் சொன்னார். மாற்றச் சொல்லவில்லையா என்று கேட்டேன். வேண்டாம் என்று விட்டுவிட்டாராம். அந்தப் பிள்ளைக்குப் போன் வரும்போதெல்லாம், வேலையை நிறுத்தாமல், மனதுக்குள் ஒரு தடவை மகனைக் கூப்பிட்டுக்கொள்கிறாராம்.