சக்கரத்தை நிறுத்திய பிலிம் துண்டு

ஆளில்லாத அறையில் பல்பு எரிந்தால் எங்கள் நைனாவுக்கு வயிறு எரியும். கழனியிலிருந்து வந்தவர் கால் கழுவுவதற்கு முன்னாலேயே வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பார். அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று லைட்டு எரிகிறது, சாமியா பூதமா என்று கேட்பார். அம்மாவோ நானோ ஓடிப்போய் அணைப்போம். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுச்சுவரில் ஒரு செங்கல்லைப் பெயர்த்து, அந்தப் பொந்தில் ஒரே ஒரு பல்பைத் தொங்கவிட்டிருந்தார். இரண்டு பக்கமும் வெளிச்சம் என்பார். இரண்டு பக்கமும் அரை வெளிச்சம் என்பதுதான் நிஜம். ரசத்தில் மிதப்பது கடுகா எறும்பா என்று வைத்த அம்மாவுக்கும் தெரியாது, குடித்த எங்களுக்கும் தெரியாது.

ஊரில் கஞ்சன் என்றார்கள். அது கஞ்சத்தனம் இல்லை என்பது எனக்கு அந்த வயதிலேயே தெரியும், ஏனென்றால் அதன் கதையை மாசத்துக்கு ஒரு தடவையாவது கேட்டிருக்கிறேன். சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாத நாளில், கல்யாணத்துக்கு முன்னால், நைனா எங்கேயோ வடக்கே ஒரு அனல் மின் நிலையத்தில் இரண்டு வருஷம் கரி அள்ளியிருக்கிறார். சுற்றுப்பட்டு மரமெல்லாம் சாம்பல் படிந்து நிற்குமாம். வேப்பிலையைப் பறித்து வாயால் ஊதினால்தான் அது பச்சை என்று தெரியுமாம். ஓடையில் மாடு வாய் வைக்காதாம். நம் வீட்டில் சும்மா எரிகிற ஒவ்வொரு பல்புக்கும் அங்கே ஒரு மரம் வெளுக்கிறது என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடும். அடுப்புக்குக்கூடத் தானாக விழுந்த சுள்ளிதான் பொறுக்கவேண்டும், பச்சைக் கிளையில் கை வைக்கக்கூடாது. பாத்திரம் கழுவின தண்ணீர் வாழைக்குப் போகவேண்டும். இப்படி வீடு முழுக்கச் சட்டம்.

இந்தச் சட்டத்துக்குள் ஒரு டி.வி. வந்து புகுந்தது. ஆந்திராவில் எங்கள் புத்தூர்ப் பக்கத்து ஊர்களில் தெருவுக்கு ஒருத்தர் குவைத்துக்குப் போய், வீட்டுக்கு வீடு பெட்டி பெட்டியாகச் சாமான் இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. ஆனால் போவதற்கு ஒருத்தர் தயாராக இருந்தார். அவர் மாமா, அம்மாவின் தம்பி. பெற்றவர்கள் இறந்தபிறகு எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவர். புத்தூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை செய்துகொண்டு, பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டுவிட்டு, தினமும் தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் அக்காவுக்கென்று தவணையில் டி.வி.யும் ஒரு டேபிள் ஃபேனும் ஒரு இஸ்திரிப் பெட்டியும் வாங்கிவந்து வைத்தார்.

அடுத்த கரண்டு பில்லைப் பார்த்த நைனா சோறு வேண்டாம் என்று எழுந்துவிட்டார். டி.வி.யைத் திருப்பிக் கொடுத்துவிடு, ஃபேனையும் கொடுத்துவிடு, காற்றுக்கு வேப்பமரம் இருக்கிறது என்றார். அம்மா முந்தானையால் டி.வி.யைத் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, நைனா கடலைக்குக் களையெடுக்கப் போயிருந்த ஒரு மத்தியானம், வாசல் சுவரில் இருந்த மீட்டருக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு ஏறினார். கையில் பிளேடும் ஒரு பிலிம் துண்டும். எனக்குக் காது குத்தியபோது அவரே எடுத்த போட்டோவின் பிலிம் அது. வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முடி வெள்ளையாக, பல் கறுப்பாக நான் அழுதுகொண்டிருந்தேன். மீட்டர் கண்ணாடிக்கு அடியில் இருந்த சந்தில் அதை மெதுவாகச் செருகினார். உள்ளே சுற்றிக்கொண்டிருந்த சக்கரம் தயங்கித் தயங்கி நின்றுபோனது. ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் வாயைப் பிளந்துவிட்டேன். சக்கரம் ஓடினால் கரண்டு செலவு, நின்றால் மிச்சம், அவ்வளவுதான் சயின்ஸு என்றார் மாமா. நான் கை தட்டினேன். நைனாவிடம் மட்டும் சொல்லக்கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அம்மா சமையலறையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டே இருந்தாள், வெளியே வரவில்லை.

அதன்பிறகு மாசத்தில் இருபது நாள் சக்கரத்துக்கு ஓய்வு. ரீடிங் எடுக்க ஆள் வருவதற்குப் பத்து நாள் முன்னால் மாமா பிலிமை உருவிவிடுவார். பில் மளமளவென்று இறங்கியது. நைனா அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். தன் சட்டம் ஜெயித்துவிட்டது என்றே நம்பினார். டி.வி. இருந்தும் பில் இறங்குகிறது பார், எல்லாம் அணைக்கிற கையில் இருக்கிறது என்று தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். பில்லை எல்லாம் ஒரு கம்பியில் குத்தி வாசலில் தொங்கவிட்டார். நாங்களோ அவர் கழனிக்குப் போனதும் ஃபேனைப் போட்டு, டி.வி.யைப் போட்டு, பாவாடையிலிருந்து தலையணை உறைவரை இஸ்திரி போட்டோம். தூரத்தில் அவருடைய சைக்கிள் மணி கேட்டால் எல்லாம் பட்பட்டென்று அணையும். எங்கள் வீட்டில் கரண்டு அவ்வளவு தாராளமாகச் செலவானது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

நைனாவின் புகழ் எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் எட்டியது. மின்சாரச் சிக்கனத்தைப் பற்றிப் பேச்சுப்போட்டி வைத்தார்கள். கரண்டு ஆபீஸ் இன்ஜினியர் ஏ.இ. வருகிறார், உங்களைப் போல ஒருத்தர் முன்வரிசையில் உட்காரவேண்டும் என்று ஹெட்மாஸ்டர் வீட்டுக்கே வந்து அழைத்தார். நைனா கல்யாணத்துச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். கையில் அந்த பில் கம்பி. ஏ.இ. அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த மனுஷனைப் பார்த்து நாமெல்லாம் கற்றுக்கொள்ளவேண்டும் என்று மைக்கில் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். நைனா கூச்சத்தில் துண்டை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் மாற்றிக்கொண்டே இருந்தார்.

எனக்கு அன்று வேறு கவலை. எல்லாருக்கும் பேச்சை எழுதிக் கொடுத்தது ஒரே டீச்சர். தெலுங்கில் எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தார். எனக்கு முன்னால் பேசிய ஆறு பேரும் பல்பை அணை, தண்ணீரை மூடு, மரத்தை நடு என்று ஒன்று விடாமல் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். என் முறை வரும்போது என்னிடம் சொல்வதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. பரிசு கைவிட்டுப் போகிறதே என்று அழுகை முட்டியது. அப்போதுதான் மற்ற யாரிடமும் இல்லாத ஒன்று என்னிடம் இருப்பது நினைவுக்கு வந்தது. சத்தியம் செய்தது உண்மைதான். ஆனால் நைனாவிடம் சொல்லமாட்டேன் என்றுதானே சத்தியம்? ஏ.இ.யிடம் சொல்லமாட்டேன் என்று இல்லையே.

மனப்பாடம் செய்ததை ஒப்பித்து முடித்துவிட்டு மைக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இவர்கள் சொன்னதெல்லாம் சின்னச் சிக்கனம், எங்கள் வீட்டில் பெரிய சிக்கனம் ஒன்று இருக்கிறது என்றேன். மீட்டருக்குள்ளே ஒரு சக்கரம் இருக்கிறது, அது ஓடினால்தான் கரண்டு செலவாகும், ஒரு பிலிம் துண்டைச் செருகினால் அது நின்றுவிடும், அப்புறம் ஃபேன், டி.வி., இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் நாள் முழுக்கப் போட்டாலும் ஒரு யூனிட்டுகூட வீணாகாது, எல்லார் வீட்டிலும் இப்படிச் செய்தால் நாடு முன்னேறும் என்று சொல்லி வணக்கம் போட்டேன்.

யாரும் கை தட்டவில்லை. டீச்சர் வாயில் கையை வைத்துக்கொண்டார். ஹெட்மாஸ்டர் எழுந்தவர் பாதியில் நின்றுவிட்டார். நான் நைனாவைப் பார்த்தேன். மாற்றப்போன துண்டு கையிலேயே இருந்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. மடியில் இருந்த பில் கம்பியை அப்போதுதான் முதல் தடவை பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தார். அப்படி ஒரு முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு ஏன் என்று புரியவில்லை.

ஏ.இ. சிரித்தமாதிரியேதான் கேட்டார். நல்லாச் சொன்னாய் அம்மா, அந்த பிலிமை யார் வைத்தது என்றார். எனக்கு உயிர் வந்தது. மாமாவின் பேரை மைக்கில் சொல்லப் போகிற பெருமையோடு வாயைத் திறந்து, "எங்க" என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

நாற்காலி சரிந்து விழுந்த சத்தம் கேட்டது. நைனா எழுந்து நின்றார்.

"நான்தான் வெச்சேன் சார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய்யே சொல்லாத மனுஷன். பொரிகடலை துன்னதை இல்லை என்று சொன்னதற்காக என் முதுகில் அடித்த மனுஷன். அவ்வளவு பேர் நடுவில், மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்கும்படி பச்சைப் பொய் சொல்கிறார். ஏதோ சொல்ல வந்தேன். டீச்சர் என்னை மேடையிலிருந்து இழுத்துப்போய்விட்டார்.

அன்று மத்தியானமே ஏ.இ.யும் லைன்மேனும் வீட்டுக்கு வந்தார்கள். லைன்மேன் ஸ்டூலில் ஏறினார். நைனா அவருக்குப் பக்கத்தில் நின்று எக்கி எக்கிப் பார்த்தார். தான் வைத்ததாகச் சொன்ன பிலிம் எந்த இடத்தில் இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. லைன்மேன் அதை உருவி ஏ.இ.யிடம் கொடுக்க, அவர் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அதில் இருப்பது நான்தான் சார் என்றேன். ஏ.இ. பிலிமைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா ஏதோ சொல்ல முன்னால் வந்தாள். "நீ உள்ள போ" என்றார் நைனா. அம்மா போனாள். நிஜத்தைச் சொல்லிவிடுவாள் என்று அவள் வாயையும் அடைக்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் கம்பத்திலிருந்து எங்கள் வீட்டு ஒயரைக் கழற்றினார்கள்.

ஊருக்கு அது திருவிழா. இதுவரை யார் யார் வீட்டு லைட்டையெல்லாம் நைனா அணைக்கச் சொன்னாரோ அவர்களெல்லாம் ஒரு தடவையாவது எங்கள் வாசல்பக்கம் வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். பிலிம்காரர் என்று பேர் வைத்தார்கள். சாம்பல் படிந்த வேப்பமரக் கதையை அவர் அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்க ஆளில்லை. அபராதம் கட்டவேண்டும் என்று திருப்பதிக்குப் போய், லாட்ஜு கட்டுகிற இடத்தில் சித்தாள் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமை வருவார். நான் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன். மாமா கண்டுபிடித்ததைத் தன் பேரில் எழுதிக்கொண்ட ஆளோடு எனக்கென்ன பேச்சு? மாமாவும் அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை. பாவம், பேர் போன வருத்தம் என்று நினைத்தேன்.

இதற்கு நடுவில் மாமாவின் பாஸ்போர்ட்டுக்காக ஒரு போலீஸ்காரர் விசாரணைக்கு வந்தார். அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு அக்கம்பக்கத்தில் கேட்டு எழுதிக்கொண்டார். பையன் பேரில் ஒன்றுமில்லை, கேசு வீட்டுக்காரர் பேரில்தான் இருக்கிறது, பையன் பேரில் இருந்திருந்தால் குவைத்து அத்தோடு போயிருக்கும் என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். அம்மா அந்தத் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றாள். நான் அதைக் கேட்டேன். கேட்டதோடு சரி.

அபராதம் கட்டி ஒயரை மாட்டியபிறகு நைனா சட்டம் பேசுவதை விட்டுவிட்டார். அம்மாதான் ஒவ்வொரு ஸ்விட்சாகப் போய் அணைத்தாள். பகலில் அவள் ஃபேனுக்கு முன்னால் உட்கார்ந்து நான் அப்புறம் பார்க்கவேயில்லை.

மாமா கிளம்புகிற நாளும் வந்தது. மெட்ராஸ் பஸ் ஏற்றிவிட எல்லாரும் புத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். புது சூட்கேஸ், புதுச் செருப்பு, தலையில் எண்ணெய் வழிய மாமா நின்றார். அபராதத்துக்கு வாங்கிய கடன் பாக்கிக்காக இன்னும் லாட்ஜு வேலையில் இருந்த நைனா திருப்பதியிலிருந்து நேராக வந்து சேர்ந்தார். முழங்கையெல்லாம் சிமெண்டு. பஸ் உறுமத் தொடங்கியதும் மாமா அவர் கையிரண்டையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தார்.

எனக்கு நியாயம் கேட்க அதுதான் நேரம் என்று தோன்றியது. இத்தனை நாள் பேசாமல் இருந்தவள் நைனாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"மாமா செஞ்சத நீ செஞ்சேன்னு சொல்லிட்ட இல்ல? மாமாகிட்ட மன்னிப்பு கேளு நைனா."

அம்மா என் வாயைப் பொத்த வந்தாள். நைனா அவள் கையைத் தடுத்தார். மாமாவின் பக்கம் திரும்பினார்.

"பாப்பா சொல்றது சரிதான். மன்னிச்சுக்கடா" என்றார்.

மாமா சூட்கேஸைப் போட்டுவிட்டு அங்கேயே, அத்தனை ஜனத்துக்கு நடுவில், தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார். நைனாதான் அவரைத் தூக்கி நிறுத்தி, முகத்தைத் துண்டால் துடைத்து, பஸ்ஸில் ஏற்றினார்.

கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார். எனக்கு மனசு ஆறியது. வீட்டுக்குத் திரும்பி நடக்கிற வழியில், போனால் போகட்டும் என்று நானும் நைனாவை மன்னித்து, அவர் விரலைப் பிடித்துக்கொண்டேன்.