பாலத்துக்கு இந்தப் பக்கம்

ரோலண்ட் பெல்கி எங்கள் ஊர்க்காரன்தான். ஆனால் பகலில் அவனைப் பிடிக்க ஆற்றைத் தாண்டி வெர்மான்ட் மாநிலத்துக்குப் போக வேண்டும். வீடுகளில் குளிர்காற்று நுழையும் சந்துகளைக் கண்டுபிடித்து அடைப்பதும், கூரை வழியே சூடு போகாமல் பரணில் காகிதப் பஞ்சு நிரப்புவதும் அவன் தொழில். அந்தப் பக்கம் அதற்கு ஆள் போதவில்லை. எங்கள் நியூ ஹாம்ஷயர் பக்கம் கூப்பிட நாதியில்லை. குளிர் என்ன, பாலத்தில் நின்று எந்த மாநிலம் என்று விசாரித்துவிட்டா வருகிறது? நாங்கள்தான் இரண்டு கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு நடுங்கும் வீம்பு பிடித்த ஜனம்.

அவன் மனைவி லூசில் சும்மா விடமாட்டாள். "அந்த ஊர்க்காரிங்க எல்லாம் கதகதன்னு தூங்குறாளுக. உன் பொண்டாட்டி தொப்பி போட்டுக்கிட்டுத் தூங்குறா" என்பாள். ரோலண்ட் சிரித்து மழுப்புவான். சொந்த ஊரில் வேலை பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் அவனுக்குள் கிடந்தது.

மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் அதற்கு வழி வந்தது. ஊர் மன்றக் கட்டடத்தின் சந்துகளை அடைக்கும் வேலையை அவனுக்குக் கொடுப்பதா என்று கைதூக்கி முடிவு செய்ய வேண்டும். இது கிடைத்தால் அடுத்து பள்ளிக்கூடம், நூலகம் என்று இங்கேயே பிழைத்துக்கொள்வான்.

"பேசி என்ன ஆகப்போகுது, காட்டிடுறேன்" என்று கூட்டம் நடந்த அந்த மன்றத்தின் வாசலிலேயே துணித்திரையை இழுத்துக் கட்டி, அதன் நடுவே பெரிய விசிறியைப் பொருத்தினான். அது உள்காற்றை வெளியே தள்ளும். வெளிக்காற்று சந்துபொந்து வழியாகச் சீறிக்கொண்டு உள்ளே வரும். கை வைத்தாலே தெரியும். விசிறியைப் போடுமுன் விறகுக் கணப்பில் சாம்பல் கிடக்கிறதா என்று பார்ப்பது இந்தத் தொழிலின் பாலபாடம். ஊராரைக் கண்ட பதற்றத்தில் அதை மறந்து தொலைத்தான்.

விசிறி சுற்றியது. புகைபோக்கி வழியாக இறங்கிய காற்று கணப்பின் கதவைத் தள்ளித் திறந்து, போன வாரத்துச் சாம்பலை மன்றம் முழுக்க வாரி இறைத்தது. மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பீன்ஸ் சட்டி, ஆப்பிள் பலகாரம், எங்கள் தலைகள், எதுவும் தப்பவில்லை.

எந்தச் செலவுக்கும் கை தூக்காத ஹாலிஸ் கிம்பால் புருவம்வரை வெளுத்து உட்கார்ந்திருந்தார். "ஏம்ப்பா, ஓட்டையக் காட்டுறேன்னு சொன்ன. இப்பக் கண்ணே தெரியலையே" என்றார். ரோலண்டின் முகம் செத்துவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது, அடக்க முடியவில்லை.

லூசில் எழுந்தாள். போச்சு, மிச்சமிருக்கிற மானத்தையும் வாங்கப்போகிறாள் என்று நினைத்தோம்.

"தீர்மானத்துல ஒரு திருத்தம்" என்றாள். "வேலைய ரோலண்டுக்கே குடுக்கணும். சாம்பல அவன் பொண்டாட்டி பாத்துக்குவா."

முதலில் உயர்ந்த கை ஹாலிஸுடையது. சட்டைக் கையிலிருந்து சாம்பல் கொட்டியது.

மன்ற வேலை தொடங்க வேண்டிய திங்கட்கிழமை காலை, பழக்கதோஷத்தில் ரோலண்டின் வண்டி பாலம் ஏறி, பாதியில் நின்றது. பின்னால் ஹாரன் அடித்தது நான்தான். அவன் பக்கத்து இருக்கையில் லூசில், மடியில் சாம்பல் வாளி.

"எங்க போற? நம்ம ஊரு பின்னால இருக்கு" என்று அவள் சொன்னது என் வண்டிவரை கேட்டது.