அம்மா செய்த அடை

எனக்கு ஒன்பது வயதில் எங்கள் வீட்டுச் சமையல் அப்பாவின் கைக்குப் போனது. அவர் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். அம்மா காலை ஏழு மணிக்கே கார்மெண்ட்ஸுக்குக் கிளம்பிவிடுவாள். பெங்களூரு ஈஜிபுராவில் ஒற்றை அறை வீடு. பகல் முழுக்க அதில் அப்பாவும் ஒன்றரை வயதுத் தங்கையும்தான்.

அப்பாவுக்கு உருப்படியாக வந்தது ஒரே சமையல். இருப்பதிலேயே மலிவான மஞ்சள் பூசணிக்காய், பாசிப்பருப்பு, அரிசி. மூன்றையும் குழைய மசித்து, காரம் சேர்ப்பதற்கு முன்பே தங்கைக்குத் தனியாக எடுத்து வைப்பார். மிளகாய் கிள்ளித் தாளித்தால் அது எங்களுக்கு. அதிலேயே கொஞ்சம் எடுத்து, அரிசி மாவு தூவி, தோசைக்கல்லில் அடையாகத் தட்டினால் அது என் டப்பாவுக்கு. பூசணிக்காய் கிடைக்காத அன்று சுரைக்காய் அந்த வேஷத்தைப் போட்டுக்கொண்டு வரும். மற்ற குழந்தைகள் 'மம்மு' கேட்கும் வயதில், என் தங்கை தட்டைப் பார்த்தாலே "அப்பா! அப்பா!" என்று கத்துவாள். அவளுக்குச் சோற்றின் பெயரே அப்பா.

பள்ளியில் யார் கேட்டாலும் நான் "எங்கம்மா செஞ்சது" என்றுதான் சொல்வேன். மற்றவர்களின் அப்பாக்கள் வேலைக்குப் போனார்கள். என் அப்பா இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பூசணிக்காய் வேகவைத்தார். அதை வெளியே சொன்னால் மானம் போய்விடும் என்று இருந்தது எனக்கு.

வினை என் பக்கத்து இருக்கைத் தோழி வடிவில் வந்தது. அவள் என் அடையில் பாதியை வீட்டுக்கு எடுத்துப்போனாள். எதைக் கொடுத்தாலும் துப்புகிற அவளுடைய குட்டித் தம்பி அதை ஒரு துணுக்கு விடாமல் தின்றுவிட்டானாம். அடுத்த பேரண்ட்ஸ் மீட்டிங்கில் அவளுடைய அம்மா எங்களைத் தேடி வந்துவிட்டார். கன்னடக்காரர், ஆனால் சாப்பாட்டுக்கு 'ஊட்டா', கொஞ்சத்துக்கு 'சொல்ப' என்று கன்னடம் கலந்து தமிழ் பேசுவார்.

"நம்ம சின்னவன் ஊட்டாவே பண்ண மாட்டேங்கறான். உங்க அடை மட்டும் கேக்கறான். எப்பிடி பண்றீங்கன்னு சொல்ப சொல்லிக் குடுங்களேன்" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா திருதிருவென விழித்தாள். என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பின்னால் தங்கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்த அப்பா ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு முன்னால் வந்தார்.

"இவங்க பூசணிக்காயத் தோலோட ஆவில வேக வெப்பாங்கமா. தண்ணில போட்டா சப்புனு ஆயிடும். அப்பறம்தான் பருப்பு சோத்தோட மசிப்பாங்க. கொழந்தைக்குன்னா ஒரு சொட்டு நெய்" என்றவர் அம்மா பக்கம் திரும்பி, "இல்ல?" என்றார்.

அம்மா தலையாட்டினாள். அந்தம்மா சிரித்துக்கொண்டே தங்கையிடம் ஒரு பிஸ்கட்டை நீட்டினார். தங்கை "அப்பா! அப்பா!" என்று கூவினாள். அங்கே உண்மை பேசியது அவள் ஒருத்திதான்.

வீடு திரும்பும்போது அம்மா, "ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"பாப்பா ஸ்கூல்ல அப்படிச் சொல்லி வெச்சிருக்கா. உடு" என்றார் அப்பா. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. தப்பித்தேன் என்று நிம்மதியாக இருந்தது.

திங்கட்கிழமை அப்பா இரண்டு டப்பா கட்டினார். "இது அந்த ஆன்ட்டிக்கு. அம்மா குடுத்தாங்கன்னு சொல்லு" என்றார். நானும் அப்படியே சொன்னேன்.

மறுநாள் டப்பா பளபளவென்று கழுவித் திரும்பி வந்தது. மூன்று அடையையும் பையன் தின்றுவிட்டான், உங்க அம்மா கைக்குத் தங்க வளையலே போடணும் என்று அம்மாவிடம் சொல்லச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சாயங்காலம் நான் வரும்போது அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். தங்கையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை டப்பாவுக்கு நீட்டினார்.

"என்ன சொன்னாங்க? சாப்பிட்டானாமா?"

"அம்மாகிட்டதான் சொல்லச் சொன்னாங்க" என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே கழுவியிருந்த டப்பாவை எடுத்துப்போய் மறுபடி கழுவினார்.

இன்று என் மகனுக்கு அதே பூசணிக்காயை மசிக்கும்போது கூசிப்போகிறேன். அந்த வருஷம் முழுக்க அப்பாவைத் தேடி வந்த ஒரே நல்ல வார்த்தை அது. அம்மா வரும்வரை அதை வாய்க்குள்ளேயே பத்திரமாக வைத்திருந்தேன். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடிப்போய் ஒப்பித்தேன். சொன்னதைச் சொன்னபடி செய்கிற சமத்துப் பெண் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.